பதினாறு சிப், எட்டு சிப்

பழைய மேசைக் கணினி மெதுவாகிவிட்டது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் தரும் யோசனை, "இன்னொரு ரேம் போட்டுப் பாருங்க" என்பதுதான். யோசனையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 2 ஜிபி ரேமுடன் இன்றைய உலாவியைத் திறப்பவர் அனுபவிக்கும் துன்பத்துக்குப் பெரும்பாலும் அதுவே தீர்வு. ஆனால் யோசனை சொல்கிறவரும் விற்கிறவரும் ரேமைப் பற்றி இரண்டே விவரங்களைத்தான் கேட்கிறார்கள்: டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ (அதாவது எந்தத் தலைமுறை ரேம்), எத்தனை ஜிபி. இவ்விரண்டும் ஒத்துப்போனால் போதும் என்று நம்பி வாங்கிய ரேம் பலகை, அதாவது ஸ்டிக், மதர்போர்டின் ஸ்லாட்டில் கச்சிதமாக அமர்ந்து, கொக்கிகளும் ஒழுங்காக மூடிய பிறகு, திரையில் எதையும் காட்டாமல் பீப் ஒலியை மட்டும் எழுப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். 4 ஜிபி, 8 ஜிபி என்று லேபிளில் இருப்பது கூட்டுத்தொகை மட்டுமே. மதர்போர்டுக்கு வேண்டியது, அந்தத் தொகை எந்தெந்தச் சில்லுகளால் கூடி வந்தது என்ற கணக்கு. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

ஸ்லாட்டில் பொருந்துமா என்ற முதல் கேள்வியை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அதைத் தயாரிப்பாளர்களே பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் தீர்த்து வைத்திருக்கிறார்கள். முதல் டிடிஆர் ஸ்டிக்கில் 184 முனைகள், டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240, டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288. முனைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அடியில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு இடத்தில் இருப்பதால், பலவந்தம் செய்யாதவரை ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழைக்க முடியாது. மின்னழுத்தமும் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கி வந்திருக்கிறது: 2.5 வோல்ட், 1.8, 1.5, 1.2, இப்போது டிடிஆர்5இல் 1.1. இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளை உண்டு. டிடிஆர்3எல் என்ற 1.35 வோல்ட் வகையின் வெட்டு, சாதாரண டிடிஆர்3இன் வெட்டு இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. டிடிஆர்3எல் ஸ்டிக்கைப் பழைய 1.5 வோல்ட் போர்டில் போட்டால் அது சமாளித்துக்கொள்ளும், தரநிர்ணயமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எதிர்த்திசையில் அப்படியில்லை. 2015இல் வந்த இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலிகளை ஏற்கும் சில போர்டுகளில் டிடிஆர்3 ஸ்லாட் இருக்கும், ஆனால் அந்தச் செயலிகளுக்கு அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்டது 1.35 வோல்ட் வகை மட்டுமே. எனவே பழைய இயந்திரத்தில் கழற்றிய ஸ்டிக் நுழைகிறது என்பதாலேயே அங்கே போட்டுவிடக் கூடாது.

இனி பொருந்திய பிறகு வரும் சிக்கல்கள். எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனின் கணினி, கோர் 2 டுவோ செயலியும் ஜி41 சிப்செட்டும் (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் மதர்போர்டுச் சில்லு) கொண்டது. ஆதார் நகல், தேர்வு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகையின் திருத்தம் என்று நாள் முழுவதும் ஓடும் இயந்திரம். ஒற்றை 2 ஜிபி ஸ்டிக்குடன் திணறிக்கொண்டிருந்ததற்கு இணையத்தில் ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் வரவழைத்துப் போட்டிருந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் போட்டாலும் அதே கதை. "ஏம்ப்பா, டிடிஆர்3 கேட்டேன், டிடிஆர்3தான் அனுப்பியிருக்கான், ஸ்லாட்லயும் சரியா உட்காருது. அப்புறம் ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். அந்த ஸ்டிக்கை என் வீட்டில் உள்ள சற்றே புதிய, எச்61 சிப்செட் கொண்ட இயந்திரத்தில் போட்டபோது ஒரு முனகலும் இல்லாமல் 4 ஜிபி என்று காட்டியது. ஸ்டிக்கிலும் பழுதில்லை, போர்டிலும் பழுதில்லை.

விடையை எனக்கு முதலில் சொன்னது எந்தத் தொழில்நுட்ப ஆவணமும் இல்லை. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஒரு கடையின் முகப்பில் பழைய ரேம்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்த இளைஞர்தான். 4 ஜிபி டிடிஆர்3 வேண்டும் என்றேன். அவர் விலையைச் சொல்வதற்கு முன், "எந்த போர்டு சார்?" என்று கேட்டார். ஜி41 என்றதும், "அப்போ பதினாறு சிப் எடுத்துக்கோங்க சார். எட்டு சிப் அதுல எடுக்காது" என்று சொல்லி, இரண்டு பக்கமும் எட்டெட்டுக் கறுப்புச் சதுரங்கள் கொண்ட ஒரு ஸ்டிக்கை எடுத்து நீட்டினார். அண்ணனின் ஸ்டிக்கில் ஒரு பக்கத்தில் மட்டும் எட்டுச் சில்லுகள் இருந்தன, மறுபக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. ஏன் எடுக்காது என்று அந்த இளைஞரிடம் கேட்டதற்கு, "அது அப்படித்தான் சார்" என்றார். பழைய சாமான் விற்கும் தெருவில் இப்படிச் சுருங்கிப்போன பொறியியல் அறிவு நிறைய உண்டு. பெட்டியில் அச்சிட்ட விவரத்தைவிட அதை நான் அதிகம் நம்புவேன்.

காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டுமானால் ஸ்டிக்கின் உள்ளே போக வேண்டும். டிடிஆர்3 ஸ்டிக்குக்கும் கணினிக்கும் இடையே ஒரே நேரத்தில் 64 பிட் தரவு போய்வருகிறது. மேசைக் கணினிக்கான ஸ்டிக்குகளில் பெரும்பாலும் ஒவ்வொரு சில்லும் 8 பிட் தரும், எனவே 64 பிட்டை நிரப்ப எட்டுச் சில்லுகள் வேண்டும். இந்த எட்டுச் சில்லுகளின் கூட்டணிக்கு ரேங்க் என்று பெயர். பதினாறு சில்லுகள் இருந்தால் இரண்டு ரேங்க், அதாவது ஒரே ஸ்டிக்கில் இரண்டு தனித்தனிக் கூட்டணிகள். ஆகவே 4 ஜிபி என்ற தொகையை இரண்டு வழிகளில் எட்டலாம்: 2 ஜிகாபிட் சில்லுகள் பதினாறு, அல்லது 4 ஜிகாபிட் சில்லுகள் எட்டு (8 பிட் சேர்ந்தது ஒரு பைட், எனவே 8 ஜிகாபிட் ஒரு ஜிபி). டிடிஆர்3 அறிமுகமான தொடக்க ஆண்டுகளில் 4 ஜிகாபிட் சில்லு சந்தையில் இல்லை. அது வந்த பிறகு எட்டைக் கொண்டு முடிப்பதே மலிவு என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இன்று புதிதாகக் கிடைக்கும் 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் அநேகமாக எட்டுச் சில்லு வகைதான்.

சில்லின் உள்ளே நினைவு அறைகள் வரிசைகளாகவும் நிரல்களாகவும், எட்டு பேங்குகளாகப் பிரிந்தும் இருக்கின்றன. ஓர் அறையைத் தொட வேண்டுமானால், ரேமுக்கும் செயலிக்கும் இடையே போக்குவரத்தை நடத்தும் மெமரி கன்ட்ரோலர் முதலில் வரிசையின் எண்ணையும், பிறகு அதே கம்பிகளின் வழியே நிரலின் எண்ணையும் அனுப்புகிறது. 8 பிட் அகலமுள்ள 2 ஜிகாபிட் டிடிஆர்3 சில்லில் வரிசை எண்ணுக்கு 15 பிட், நிரல் எண்ணுக்கு 10, பேங்குக்கு 3, ஆக மொத்தம் 28 பிட். 2ஐ 28 முறை பெருக்கினால் 26 கோடியே 84 லட்சத்துக்குச் சற்று மேல் வரும், ஒவ்வொன்றிலும் 8 பிட் இருப்பதால் அது 2 ஜிகாபிட். 4 ஜிகாபிட் சில்லில் நிரலும் பேங்கும் அப்படியே இருக்க, வரிசை எண் மட்டும் 16 பிட்டாகிறது. 2008இல் வெளியான ஜி41இன் கன்ட்ரோலருக்கு அந்தப் பதினாறாவது வரிசைப் பிட்டைச் சொல்லத் தெரியாது. வீட்டு எண்ணுக்கு மூன்றே கட்டங்கள் உள்ள விண்ணப்பத்தில் 1000ஆம் எண் வீட்டுக்காரர் என்ன எழுதுவார்? வீடு தெருவில் இருக்கத்தான் செய்கிறது, படிவத்தில் அதற்கு இடமில்லை. சில போர்டுகள் இந்த நிலையில் ஸ்டிக்கின் பாதியை மட்டும் கண்டுகொள்ளும், சில போர்டுகள் எதுவும் காட்டாமல் நின்றுவிடும். கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லாத முகவரிப் பிட்டை மென்பொருளால் உண்டாக்க முடியாது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் லேபிளில் உள்ள கிறுக்கல்கள் பேசத் தொடங்கும். "4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யூ" என்று இருந்தால், இரண்டு ரேங்க், ஒவ்வொரு சில்லும் 8 பிட், எனவே பதினாறு சில்லுகள் என்று பொருள். "1ஆர்எக்ஸ்8" என்றால் எட்டு. 10600 என்பது நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற உச்ச அளவு, அதுவே டிடிஆர்3-1333. 12800 என்று இருந்தால் 1600. வேகம் கூடுதலாக இருப்பது தடையில்லை. ஜி41 அதிகாரபூர்வமாக 1066 வரைதான் ஓட்டும் என்பதால் 1333 ஸ்டிக்கும் 1600 ஸ்டிக்கும் அங்கே 1066இல் ஓடிவிட்டுப் போகும். கடைக்காரரிடம் ஜிபியையும் மெகாஹெர்ட்ஸையும் மட்டும் சொல்லி வாங்குகிறவர்கள், தடையாக இல்லாத விவரத்தைக் கவனமாகச் சொல்லிவிட்டுத் தடையாக இருக்கும் விவரத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஜி41 பழங்கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இதே சுவர் ஒவ்வொரு தலைமுறையிலும் சில ஆண்டுகள் தள்ளி மறுபடி எழுந்திருக்கிறது. 8 ஜிகாபிட் டிடிஆர்3 சில்லுகள் வந்து 16 ஜிபி ஸ்டிக்குகள் சாத்தியமானபோது, இன்டெலின் நான்காம் தலைமுறைச் செயலிகளால் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. அந்தச் சில்லுகளில் நிரல் எண்ணுக்கு 11 பிட் வேண்டியிருந்தது. நான்கு ஸ்லாட் கொண்ட போர்டானாலும் 8 ஜிபி வீதம் 32 ஜிபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். டிடிஆர்4இல் ஆறாம் தலைமுறைச் செயலிகளின் உச்சம் 64 ஜிபி. 16 ஜிகாபிட் சில்லுகளால் ஆன 32 ஜிபி ஸ்டிக்குகளும் அவற்றால் 128 ஜிபியும் ஒன்பதாம் தலைமுறையில்தான் அறிவிக்கப்பட்டன. டிடிஆர்5இல் 2023இல் 24 ஜிபி, 48 ஜிபி என்ற வினோதமான அளவுகள் வந்தபோது பல போர்டுகள் முதலில் அவற்றை அடையாளம் காணவில்லை. அங்கே மட்டும் கன்ட்ரோலருக்குத் திறன் இருந்ததால் பயாஸ் புதுப்பிப்பு உதவியது. எச்61 போன்ற போர்டுகளின் கையேட்டில் "அதிகபட்சம் 16 ஜிபி, ஸ்லாட்டுக்கு 8 ஜிபி" என்று இருந்தால் அந்த வாக்கியத்தின் பின்பாதிக்குத்தான் முதல் மரியாதை. முன்பாதியை மட்டும் பார்த்து ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்குவது பயன் தராது. விண்டோஸிலும் லினக்ஸிலும் போர்டின் உச்ச அளவைச் சொல்லும் கட்டளைகள் இருக்கின்றன, ஆனால் அவை பயாஸில் யாரோ எழுதி வைத்த எண்ணை அப்படியே ஒப்பிப்பவை, சில இயந்திரங்களில் அது தவறாகவே இருக்கும். கையேடே நம்பத் தகுந்தது.

பழைய இயந்திரங்களுக்கு ரேம் தேடுகிறவர்கள் கண்ணில் படும் இரண்டு மலிவான வலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், குறிப்பாக 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மெமரி விலை ஏறியதிலிருந்து பழைய சரக்கின் பக்கம் பலருடைய பார்வை திரும்பியிருப்பதால். முதலாவது, "ஏஎம்டிக்கு மட்டும்" என்ற சிறு குறிப்போடு வரும் ஸ்டிக்குகள். இவற்றில் 8 பிட்டுக்குப் பதில் 4 பிட் அகலமுள்ள சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கும். சர்வர்களுக்கென்று உருவான அந்த வகைச் சில்லுகளை மேசைக் கணினி ஸ்டிக்கில் வைத்துப் பெரிய அளவை மலிவாகத் தருகிறார்கள். பழைய ஏஎம்டி கன்ட்ரோலர்கள் அந்த அமைப்பை ஏற்றுக்கொள்கின்றன, இன்டெலின் மேசைக் கணினி கன்ட்ரோலர்கள் ஏற்பதில்லை. பெயரைப் பார்த்தால் ஏதோ வணிக ஒப்பந்தம் போலத் தோன்றும் இந்தத் தடையின் அடியிலும் இருப்பது முகவரிக் கணக்குதான்.

இரண்டாவது, சர்வர்களிலிருந்து கழற்றி வரும் ரெஜிஸ்டர்டு வகை. லேபிளின் இறுதியில் "யூ" இருக்க வேண்டிய இடத்தில் "ஆர்" இருக்கும். முகவரியும் கட்டளையும் நேராகச் சில்லுக்குப் போகாமல் நடுவில் ஒரு ரெஜிஸ்டர் சில்லின் வழியே போகும்படி இவை அமைந்திருப்பதால் சாதாரண மேசைக் கணினிகளில் இவை எழுவதில்லை. டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் இவற்றின் வெட்டு சாதாரண வகையின் வெட்டோடு ஒத்திருப்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்து ஏமாற்றும். டிடிஆர்5இல்தான் வெட்டை மாற்றி அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டினார்கள், மின்சாரம் கொடுக்கும் முறையே வேறாகிவிட்டதால் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. பிழைதிருத்தும் ஈசிசி வசதி கொண்டதாயினும் ரெஜிஸ்டர் இல்லாத "ஈ" வகை வேறு சங்கதி. பல போர்டுகளில் அது ஓடும், பிழைதிருத்தும் வசதி மட்டும் செயல்படாமல் இருக்கலாம்.

ரேம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, பயாஸிலும் முழு அளவு தெரிந்து, விண்டோஸில் மட்டும் குறைவாகத் தெரிவது தனி வகைச் சிக்கல். 32 பிட் முகவரியால் சுட்டக்கூடியது 4 ஜிபி. அந்த 4 ஜிபி முகவரிப் பரப்பில் திரையட்டையும் மற்றச் சாதனங்களும் பயாஸும் தங்களுக்கான இடத்தை எடுத்துக்கொள்வதால் ரேமுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 3.2 முதல் 3.5 ஜிபி. 945ஜி போன்ற சிப்செட்டுகளுக்கு மறைந்துபோன அந்தப் பகுதியை 4 ஜிபிக்கு மேலே எடுத்துவைக்கும் ரீமேப் வசதியே கிடையாது, அங்கே 64 பிட் இயங்குதளம் நிறுவினாலும் பயன் இல்லை. ஜி41இல் அந்த வசதி உண்டு, ஆனால் இயங்குதளம் 64 பிட்டாக இருந்தால்தான் அதனால் பலன். விண்டோஸ் 7இன் பதிப்புகள் வணிகக் காரணத்துக்காக வைத்த வேலிகளும் இருந்தன: ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபி, 64 பிட் ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16. வன்பொருளில் குறை தேடிக்கொண்டிருப்பவர் ஒருமுறை தன்னுடைய பதிப்பின் பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது. விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கின் உள்ளே "அதிகபட்ச மெமரி" என்ற பெட்டியில் யாரோ எப்போதோ குறி போட்டு வைத்திருப்பதாலும் ரேம் காணாமல் போவதுண்டு.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு இது வெறும் தகவலாக இல்லை. அவருடைய இயந்திரத்தில் இருந்தது 32 பிட் விண்டோஸ். பதினாறு சில்லு ஸ்டிக்குகள் இரண்டு போட்டு 8 ஜிபி ஆக்கினாலும் அதன் பலன் 64 பிட்டுக்கு மாறினால்தான் கிட்டும். மாறுவதற்கு நேரடியான மேம்படுத்தல் கிடையாது, வட்டை ஒதுக்கிப் புதிதாக நிறுவ வேண்டும். அப்படி நிறுவினால் அவருடைய பழைய பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் வேண்டும். பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் 16 பிட் பகுதி ஏதாவது இருந்தால் அது அங்கே இயங்கவே இயங்காது. பிரிண்டருக்கு டிரைவர் கிடைத்தது. ஒரு மென்பொருளுக்காகப் பழைய வட்டை எறியாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ரேம் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

பழையதோடு புதியதைக் கலப்பதைப் பற்றி இரண்டு தீவிரக் கருத்துகள் உலவுகின்றன. கலக்கவே கூடாது என்பது ஒன்று, எதையும் எதனோடும் போடலாம் என்பது மற்றொன்று. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சிறு நினைவகம் இருக்கிறது. டிடிஆர்3இல் 256 பைட், டிடிஆர்4இல் 512, டிடிஆர்5இல் 1024. ஸ்டிக்கின் அளவு, ரேங்க், சில்லின் அமைப்பு, எந்த வேகத்தில் எத்தனை சுழற்சிகள் காத்திருக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கணினி எழும்போது பயாஸ் எல்லா ஸ்டிக்குகளின் எஸ்பிடியையும் படித்து, யாவரும் ஒத்துக்கொள்ளும் மெதுவான வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே 1333உம் 1600உம் சேர்ந்தால் 1333இல் ஓடும், பெரும்பாலும் சிக்கலின்றி ஓடும். அளவு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. 4 ஜிபியும் 8 ஜிபியும் இரண்டு சேனல்களில் (ரேமுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான தனித்தனிப் பாதைகளில்) இருந்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள 4 ஜிபி வீதம் 8 ஜிபி இரட்டைச் சேனலிலும் மிச்சம் ஒற்றைச் சேனலிலும் வேலை செய்யும் ஃபிளெக்ஸ் முறையை இன்டெல் எப்போதோ கொண்டுவந்துவிட்டது.

சிக்கல் வருவது எக்ஸ்எம்பி வந்த பிறகு. 2007இல் டிடிஆர்3 காலத்தில் இன்டெல் அறிமுகப்படுத்திய இந்த முறையில், தரநிர்ணயத்துக்கு மேற்பட்ட வேகங்கள் எஸ்பிடியின் ஒரு மூலையில் தனியாக எழுதப்படுகின்றன. பெட்டியில் 3600 என்று பெரிதாக அச்சிட்ட டிடிஆர்4 ஸ்டிக், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்காதவரை 2133 அல்லது 2666 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். டிடிஆர்4க்குத் தரநிர்ணயம் வகுத்த உச்சமே 3200தான். எக்ஸ்எம்பியை இயக்கினால் இரண்டு ஸ்டிக்கின் எக்ஸ்எம்பியும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்ற கேள்வி வருகிறது. இல்லையென்றால் கணினி எழும், ஓடும், ஏதோ ஒரு மாலையில் நீலத் திரையைக் காட்டும். எச்110, எச்310 போன்ற மலிவு போர்டுகளில் இந்தக் கவலை இல்லை, செயலியின் அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் அவை போவதே இல்லை. ஆறாம் தலைமுறைச் செயலியோடு அத்தகைய போர்டில் 3200 ஸ்டிக் போட்டால் 2133தான் கிடைக்கும். அதைக் குறை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பொருளில்லை.

முழுமையான பொருத்தமின்மையை விட இந்த அரைகுறைப் பொருத்தம்தான் எனக்குப் பெரிய தொல்லையாகப் படுகிறது. எழவே எழாத கணினி உண்மையைச் சொல்லிவிடுகிறது. எழுந்து ஓடும் கணினியோ, ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது பிழை, உலாவியின் ஒரு தாவல் மட்டும் செத்துப்போவது, விண்டோஸ் நிறுவும்போது எப்போதும் வேறுவேறு இடத்தில் நிற்பது என்று பழியை மற்றவர்கள் மேல் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் புதிய ரேம் போட்ட அன்றிரவே, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ யுஎஸ்பியில் ஏற்றி விடிய விடிய ஓடவிடுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். 2022இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வரும் புதிய இயந்திரங்களிலும் டிடிஆர்5இலும் வேலை செய்கிறது. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது ஏற்கத் தக்கதல்ல. பிழை வந்தால் ஸ்டிக்குகளைத் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். தனியாக இருக்கும்போது இரண்டும் சுத்தமாகவும் சேர்ந்திருக்கும்போது மட்டும் பிழையும் வந்தால், வேகத்தை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம், அல்லது பயாஸில் கமாண்ட் ரேட்டை (கட்டளைக்கு ஒதுக்கும் சுழற்சிகளை) 1டியிலிருந்து 2டிக்கு மாற்றலாம். பெரும்பாலான கலப்புத் திருமணங்கள் அதோடு நிலைத்துவிடும்.

இவ்வளவுக்கும் முன்பாக ஸ்டிக் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முறை. சென்னை போன்ற கடலோர ஊரில் ஸ்லாட்டில் தூசியும் ஈரமும் படிவது சாதாரணம். நம் சர்வீஸ்காரர்கள் அழிரப்பரால் முனைகளைத் தேய்க்கும் பழக்கம் பலமுறை வேலையும் செய்கிறது, ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது என்பதால் ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட துணியே மேல். ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் முழுவதும் எந்த ஸ்டிக்கையும் ஏற்காவிட்டால் சந்தேகம் வேறிடத்துக்குப் போக வேண்டும். 2003இல் ஏஎம்டியும் 2008இல் இன்டெலும் மெமரி கன்ட்ரோலரைச் சிப்செட்டிலிருந்து செயலியின் உள்ளே கொண்டுவந்த பிறகு, ரேமின் கம்பிகள் நேராகச் செயலியின் சாக்கெட்டுக்குப் போகின்றன. இன்டெல் சாக்கெட்டில் ஒரே ஒரு முள் வளைந்திருந்தாலோ, குளிர்விப்பானின் திருகுகள் ஒரு பக்கமாக இறுகியிருந்தாலோ, ஒரு சேனல் முழுவதும் மௌனமாகிவிடும். ரேமைக் குற்றம் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களில் சிலருடைய உண்மையான நோய் இதுதான்.

புதிய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு டிடிஆர்5 வேறொரு கணக்கைக் கொண்டுவந்திருக்கிறது. நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இரண்டை இப்போது நிரப்பி மிச்சத்தைப் பிறகு நிரப்பலாம் என்ற நம் நெடுநாள் சிக்கனத் திட்டம் அங்கே எடுபடுவதில்லை. 2022இல் வந்த ரைசன் 7000 செயலிகளுக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கு ஸ்டிக்கில் 3600. இது புதுப் பழக்கமும் அல்ல. 2017இல் வந்த முதல் ரைசனிலேயே ஒற்றை ரேங்க் ஸ்டிக் இரண்டுக்கு 2666 என்றும், இரட்டை ரேங்க் நான்குக்கு 1866 என்றும்தான் இருந்தது. சேனலில் ஸ்டிக்கும் ரேங்கும் கூடக்கூட ஒவ்வொரு கம்பியும் இழுக்க வேண்டிய சுமை கூடுகிறது, வேகம் ஏறஏற அந்தச் சுமையின் விளைவும் ஏறுகிறது. 6000 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த 32 ஜிபி ஜோடியோடு அச்சு அசலாக அதே மாதிரியான இன்னொரு ஜோடியைச் சேர்த்ததும் கணினி எழ மறுக்கிறது என்றால், அந்த இரண்டாவது ஜோடியில் பழுது இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மாதிரி எண் ஒன்றாக இருப்பதும் உத்தரவாதம் ஆகாது. அதே எண்ணின் கீழ் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனச் சில்லுகளை வைத்து விற்பது இந்தத் துறையில் சகஜம். போர்டு தயாரிப்பாளர் வெளியிடும் சோதித்த ரேம்களின் பட்டியலும், எத்தனை ஸ்டிக்குகளோடு சோதித்தார்கள் என்ற கட்டத்தையும் சேர்த்துப் படித்தால்தான் பயன்படும். 64 ஜிபி வேண்டுமென்றால் பழைய ஜோடியை விற்றுவிட்டு 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்கி, செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். அதற்கு மனமில்லையென்றால் எக்ஸ்எம்பியையோ அதற்கு இணையான ஏஎம்டியின் எக்ஸ்போவையோ அணைத்துவிட்டு 3600இல் நான்கையும் ஓட்டுங்கள். காணொளித் தொகுப்புப் போல அளவே முக்கியமான வேலைக்கு அதுவும் கண்ணியமான ஏற்பாடுதான்.

போட்டதும் திரை வராவிட்டால் உடனே கழற்றிவிடாதீர்கள். டிடிஆர்5 இயந்திரங்கள் புதிய ரேமைக் கண்டதும் ஒவ்வொரு கம்பியின் நேரத்தையும் அளந்து சரிசெய்யும் பயிற்சியில் இறங்கும். பெரிய அளவு ரேமாக இருந்தால் அது பல நிமிடங்கள் எடுக்கும், அவ்வளவு நேரமும் திரை கறுப்பாக, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். போர்டின் ஓரத்தில் டிரேம் என்று எழுதிய சிறு விளக்கு எரிந்தபடி இருந்தால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் கழித்தும் அது அணையவில்லையென்றால், மின்சாரத்தை நிறுத்தி, ஒரே ஒரு ஸ்டிக்கை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து மறுபடி தொடங்குங்கள்.